நோய் அவளுக்கு, எங்களை எதுக்கு கூப்பிடறாங்க? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு, டைப் 1 சுகர். ஆறு மாசத்துல மூணு தடவை அட்மிட் பண்ணியாச்சு. இப்போ ஆஸ்பத்திரியில ஃபேமிலி தெரபிஸ்ட்டை பாருங்க, வீட்ல எல்லாரும் சேர்ந்து வாங்கன்னு சொல்றாங்க மேடம். எங்க வளர்ப்பு சரியில்லன்னு சொல்றாங்களா?

பதில்: இல்லம்மா, அந்த நினைப்பை முதல்ல விட்டுடுங்க. டைப் 1 சுகர் வளர்ப்பால வர்றதில்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்குற செல்களை அழிச்சிடுது, அதனால வர்றது. ஆனா ரத்தம் குத்தி பார்க்கறது, ஊசி போடறது, சாப்பாட்டை கணக்கு பண்றதுன்னு தினமும் பல தடவை செய்ய வேண்டியதெல்லாம் நடக்கிறது உங்க வீட்லதானே. வார்டுல நல்லா கட்டுக்குள்ள இருந்த சுகர் வீட்டுக்கு போனதும் எகிறுதுன்னா, வீட்ல இந்த வேலை யார் கையில எப்படி நடக்குதுன்னு பார்க்கத்தான் உங்களை கூப்பிடறாங்க.

முதல் செஷன்ல அடிக்கடி நடக்கிற ஒண்ணை சொல்றேன். தெரபிஸ்ட் பொண்ணை பார்த்து "காலையில ஊசி போட்டியாம்மா?"ன்னு கேட்பாங்க, பொண்ணு வாயை திறக்கறதுக்கு முன்னாடி அம்மா முகத்தை ஒரு தடவை பார்க்கும், அதுக்குள்ள அம்மாவே பதில் சொல்லிடுவாங்க, அப்பா செல்போனை பார்த்துட்டு இருப்பாரு. இதுல யாரும் குற்றவாளி இல்ல, அம்மா பயத்துல எல்லாத்தையும் தூக்கி சுமக்கறாங்க, அப்பாவுக்கு உள்ள நுழைய இடமே கிடைக்கல, பொண்ணுக்கு தன் உடம்பு தன்னோடதுன்னே தோணல. தெரபிஸ்ட் சில சமயம் நாற்காலியை மட்டும் மாத்தி போடுவாங்க, அப்பாவை பொண்ணு பக்கத்துல உட்கார வச்சு இந்த வாரம் ராத்திரி ஊசி நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கோங்கம்பாங்க. கேட்க சாதாரணமா இருக்கும், ஆனா வீட்டுக்கு போய் அம்மா அந்த நேரத்துல சும்மா இருக்கணுமே, அது எவ்ளோ கஷ்டம்னு செஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

இப்படி நாற்காலியை மாத்தறதுக்கு பேர் போன ஃபேமிலி தெரபிஸ்ட் சால்வடார் மினுச்சின். 1970கள்ல பிலடெல்ஃபியாவுல அவரோட குழு சுகர் உள்ள பிள்ளைங்க குடும்பங்களை உட்கார வச்சு பேச விட்டு, நடு நடுவுல ரத்தம் எடுத்து, மன அழுத்தம் வந்தா ஏறுற கொழுப்பு அமில அளவை பார்த்தாங்க. அப்பா அம்மா சண்டைக்குள்ள பிள்ளையை கூப்பிட்டதும் பெரியவங்களுக்கு அளவு இறங்குச்சு, சில பிள்ளைங்களுக்கு மட்டும் ஏறி, பேச்சு முடிஞ்ச பிறகும் இறங்காம நின்னுச்சு. குடும்பத்தை குத்தம் சொல்ற மாதிரி இருக்குன்னு பின்னாடி பலர் இதை கேள்வி கேட்டாங்க, அதுவும் நியாயம்தான். ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, தெரபி ஆரம்பிச்சாச்சேன்னு இன்சுலினை நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது, அது டாக்டர் மட்டும் முடிவு பண்ண வேண்டியது.

கேள்வி: தம்பிக்கு யாரோ காதுல பேசற மாதிரி கேக்குதாம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறான். தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாங்களா?

பதில்: வர்ற இடங்களும் இருக்கு. ஃபின்லாந்துல டோர்னியோ பக்கம் கேரோபுதாஸ் ஆஸ்பத்திரியில 1980கள்ல இருந்து ஓபன் டயலாக்னு ஒரு முறையை வளர்த்தாங்க. தகவல் போன 24 மணி நேரத்துக்குள்ள ஒரு டீமே முதல் சந்திப்புக்கு வந்துடும், பெரும்பாலும் வீட்லயே. எனக்கு ரொம்ப பிடிச்சது, நோயாளியை பத்தி அவர் இல்லாத இடத்துல முடிவு எடுக்கறதில்ல, டாக்டருங்க தங்களுக்குள்ள பேசிக்கறது கூட அவர் முன்னாடியேதான். உங்க பக்கம் அந்த வசதி இல்லன்னா, தம்பி வரலன்னாலும் நீங்களும் அப்பா அம்மாவும் மட்டும் போய் பாருங்க, வீட்ல அவன்கிட்ட எப்படி பேசறதுங்கறதுலேயே நிறைய மாறும். தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்திக்கற மாதிரி ஏதாச்சும் பேசினா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க.

கேள்வி: சைக்காலஜி படிக்கறேன், ஃபேமிலி தெரபிஸ்ட்னா கிளினிக் வச்சுத்தான் உட்காரணுமா?

பதில்: இல்லப்பா. கேன்சர் வார்டு, டிஅடிக்ஷன் சென்டர், ஸ்கூல், சிறுவர் கோர்ட், கடைசி கால பராமரிப்பு இல்லம்னு எங்கேயும் வேலை இருக்கு. வார்டுல உனக்கு தனி ரூம்லாம் கிடைக்காது, ஒரு திரைதான் சுவரு, பாதி பேச்சுல நர்ஸ் மருந்தோட வந்து நிப்பாங்க, கால் மணி நேரத்துல முடிக்கணும். அதுக்கு ஜீனோகிராம், அதாவது குடும்ப உறவுகளை படமா வரையறதை நல்லா பழகிக்கோ. ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம், சண்டைன்னா ஜிக்ஜாக் கோடு, மூணு தலைமுறை ஒரே தாள்ல வந்துடும். வரைய வரைய அவங்களே "அட, எங்க தாத்தாவும் இப்படித்தான் பேசாம இருந்தாரு"ன்னு ஆரம்பிப்பாங்க.

கேள்வி: வீட்டுக்காரர் கை நீட்டறார். சேர்ந்து கவுன்சிலிங் போலாம்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: இப்போதைக்கு சேர்ந்து போகாதீங்கம்மா. அங்க நீங்க வாய் திறந்து சொல்றதுக்கு வீட்ல அடி விழும், அந்த பயத்துல நீங்க உண்மையை பேசவே மாட்டீங்க. நல்ல தெரபிஸ்ட் முதல்ல உங்களை தனியா கூப்பிட்டுத்தான் கேட்பாங்க, கேட்கலன்னா நீங்களே "என்னை தனியா பாருங்க"ன்னு சொல்லுங்க, அது உங்க உரிமை. அதுவரைக்கும் நம்பற ஒருத்தர்கிட்ட விஷயத்தை சொல்லி வைங்க, ராத்திரி எந்நேரம் போன் பண்ணாலும் எடுக்கறவங்களா இருக்கணும்.