பூக்கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வங்கியொன்றில் வேலை. ஓய்வு நேரத்தில் நண்பர்களின் திருமணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் பூ அலங்காரம் செய்துகொடுப்பது என் விருப்பம். கூலி வாங்குவதில்லை, பூவின் விலையை மட்டும் பெற்றுக்கொள்வேன். வருகிற ஆவணியில் தோழி ஒருத்தியின் திருமணத்துக்கு மணவறையையும் 20 மேசைகளையும் அலங்கரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பெரிதாக இதுவரை செய்ததில்லை. பூவை எங்கே, எத்தனை நாள் முன்னதாக, எவ்வளவு வாங்குவது? நுவரெலியாவிலிருந்து நேரடியாக எடுப்பித்தால் மலிவாக இருக்குமா?

பதில்: எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் கணக்கில்லாமல் கடைக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்ததை அள்ளும்போதுதான் செலவு கைமீறுகிறது. முதலில் ஒரேயொரு மேசைக்கான அலங்காரத்தை வீட்டில் முழுமையாகச் செய்து பார்த்து, எத்தனை காம்புகள் போயின என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது 9 ரோசா என்றால் 20 மேசைகளுக்கு 180. ஒடிவதற்கும் வாடுவதற்குமாகப் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 198. கட்டுக்கு 20 காம்பு என்றால் 10 கட்டுகள் போதும். ஆனால் கட்டு என்ற சொல்லுக்கு எல்லாக் கடைகளிலும் ஒரே அளவில்லை, பத்துக் காம்பும் கட்டுத்தான், இருபதும் கட்டுத்தான் என்பதால், விலை கேட்கும்போதே காம்பொன்றுக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்த்துவிட வேண்டும். இலைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். குரோட்டன் இலையும் தென்னங்குருத்தும் கமுகம்பாளையும் உறவினர் வளவுகளில் கேட்டால் கிடைக்கும், மணவறைக்கு அவை தரும் நிறைவைக் கடைப் பச்சை தருவதில்லை.

ரோசா, கார்னேசன், ஜெர்பெரா, லில்லி, செவ்வந்தி ஆகியவை பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகின்றன. அந்தூரியமும் ஓர்கிட்டும் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களிலேயே வளர்கின்றன. மலையிலிருந்து நேரடியாக எடுத்தால் காம்பின் விலை குறையக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் குளிரில் நின்ற பூ, மூடிய வான் வண்டிக்குள் மணிக்கணக்காகப் பயணம் செய்து கொழும்பின் வெக்கைக்குள் இறங்கும்போது அதில் எத்தனை காம்பு தப்பும் என்ற கவலையை அந்த விலைக்குறைவோடு சேர்த்தே நீங்கள் வாங்குகிறீர்கள். வழியில் வாடியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தரச் சம்மதிக்கும் பண்ணை கிடைத்தாலொழிய, 200 காம்பு அளவுக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை என்பது என் எண்ணம். பொரளைக் கனத்தை மயானத்தைச் சுற்றியுள்ள பூக்கடைகளைப் போலக் கைதொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய இடங்களில் இரண்டு மூன்றை விசாரியுங்கள். மலைநாட்டுப் பூ எந்தக் கிழமைகளில் வந்து இறங்குகிறது என்று கேட்டு, அந்த நாளிலேயே போய் எடுங்கள். ஆவணி முகூர்த்த நாளொன்றில் ஒரே நகரத்தில் பல திருமணங்கள் நடக்கும் என்பதால், மூன்று கிழமைக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.

எத்தனை நாள் முன்னதாக என்பதைப் பூவே தீர்மானிக்கிறது. லில்லியை மொட்டாக நான்கு நாள் முன்னதாக வாங்கினால்தான் மேடையில் விரிந்திருக்கும். செவ்வந்தியும் கார்னேசனும் மூன்று நாள் தாங்கும். ரோசாவை இரண்டு நாள் முன்னதாக, மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே எடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை நீக்கி, காம்பைச் சரிவாக வெட்டி, கழுவிய வாளியில் ஓர் இரவு முழுவதும் நீர் குடிக்க விடவேண்டும். ஜெர்பெராவின் காம்பு மயிர் படர்ந்தது, ஆழமான நீரில் அழுகிவிடும் என்பதால் அதற்குச் சிறிதளவு நீரே போதும். மல்லிகையும் தாமரையும் அன்றைக்கு அன்றே வாங்க வேண்டியவை. செட்டியார் தெருக் கோவில்களில் ஆடிவேல் நடைபெறும் நாட்களில் மல்லிகைச் சரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சரத்தை முழக்கணக்கில் பேசினால், விற்பவரின் முழத்துக்கும் உங்களுடையதற்கும் வேறுபாடு உண்டு, ஆகையால் அளவு நாடாவைக் கொண்டுபோவதில் தவறில்லை.

கடையில் செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவுக்காக ஆறு கட்டு ரோசா வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றியிருந்த கட்டுகளின் மேற்பகுதி பார்வைக்கு அழகாக இருந்தது. அவசரத்தில் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்து வீட்டில் அவிழ்த்தபோது, உள்வரிசைக் காம்புகளின் அடி வழுவழுத்து நாறியது. வாடிய வெளியிதழ்களை உரித்துப் பூவைப் புதிதுபோல் ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டையும் கடைக்காரர் முன்னிலையிலேயே பிரித்துத்தான் வாங்குகிறேன். ரோசா மொட்டின் அடிப்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதியது, பஞ்சுபோல் உள்ளே போனால் பழையது. மொட்டின் வெளியே சற்றுப் பச்சை படர்ந்த, கோணலான இதழ்கள் இருந்தால் அவற்றைக் குறையென்று ஒதுக்காதீர்கள், அவை உள்ளிதழ்களைக் காக்கும் இதழ்கள், இன்னும் உரிக்கப்படவில்லை என்பதற்கு அவையே சாட்சி. ஓர்கிட் கொத்தை இலேசாக ஆட்டிப் பாருங்கள், அடியிலுள்ள பூக்கள் உதிர்ந்தால் வேண்டாம். நீலம், கடும்பச்சை போன்ற இயல்பில்லாத நிறத்துச் செவ்வந்தியையும் கார்னேசனையும் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். கைக்குட்டையில் ஏறும் சாயம் மணமகளின் சேலையிலும் ஏறும்.

கேள்வி: நண்பரின் பதிவுத் திருமணத்துக்கு வெள்ளை ரோசா 120 காம்பு கேட்டு, முழுப் பணத்தையும் முற்கூட்டியே கொடுத்தேன். முதல் நாள் மாலை வந்து சேர்ந்தவற்றில் பாதி வெளிர்மஞ்சள், காம்பும் குட்டை. வேறு வழியில்லாமல் அவற்றையே பயன்படுத்தினேன். பணத்தைக் கேட்டபோது, “வாடும் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, பலகையில் எழுதியிருக்கிறதே” என்கிறார். நான் தொழில் செய்பவனும் அல்லன், பொழுதுபோக்குக்காகச் செய்பவன். எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. கூலி வாங்காமல் செய்கிறீர்கள் என்பதால் நீங்கள் வாங்குபவர் அல்லர் என்றாகிவிடாது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். வாடியதற்குப் பணம் தருவதில்லை என்ற பலகை, வெள்ளை கேட்டவருக்கு மஞ்சள் கொடுப்பதற்கான அனுமதியாகாது. 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதும் குற்றம், வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியதும் வணிகரின் கடமை.

ஆனால் பூக்களை ஏற்றுப் பயன்படுத்திவிட்டீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முழுப் பணத்தையும் கேட்பதைவிட, தவறாக வந்த 60 காம்புக்குரிய குறைப்பைக் கேட்பதே நியாயமாகவும் எளிதில் கிடைக்கக்கூடியதாகவும் இருக்கும். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான். மறுத்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெற்று, எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுங்கள். பற்றுச்சீட்டு, பேசிய செய்திகள், பணம் செலுத்திய சான்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பூ என்பது மூன்றாம் நாள் அழிந்துபோகும் சான்று. வந்து இறங்கிய அரைமணி நேரத்துக்குள், கட்டைப் பிரித்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, அப்போதே கடைக்கு அனுப்பிவிடுங்கள். கேட்கும்போதும் “வெள்ளை ரோசா” என்று மட்டும் சொல்லாமல், பூவின் பெயர், நிறம், காம்பின் நீளம் சென்ரிமீற்றரில், காம்புகளின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், நேரம் ஆகியவற்றை ஒரே செய்தியில் எழுதி, கடையிலிருந்து “சரி” என்ற பதிலைப் பெறுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மிகுதியைப் பூவைப் பார்த்த பின் கொடுக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னால் நல்ல வியாபாரி கோபிக்கமாட்டார்.

கேள்வி: பூக்களைச் செருகுவதற்கு எல்லோரும் பச்சை நிற ஒயாசிஸ் கட்டியை வாங்கச் சொல்கிறார்கள். 20 மேசைகளுக்கு அது பெரும் செலவு. வேறு வழி உண்டா?

பதில்: 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான அந்தக் கட்டி, பீனோல் போர்மல்டிகைட்டால் ஆன பிளாஸ்டிக் வகை நுரை. அது மக்குவதில்லை, நொறுங்கித் தூளாகி நீரோடு போய்விடும். பிரித்தானியாவின் ரோயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தனது கண்காட்சிகளில் அதை அனுமதிப்பதில்லை. ஒருமுறை நனைந்து காய்ந்த கட்டி மறுபடி சரியாக நீர் குடிக்காது என்பதால், ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாக வாங்க வேண்டியிருப்பதே உண்மையான செலவு.

நம்மிடம் வாழைத்தண்டு இருக்கிறது. குலை வெட்டிய மரத்தின் தண்டை ஒரு சாண் நீளத்துக்குத் துண்டாக்கித் தட்டில் கிடத்தி, ஈர்க்கினால் துளையிட்டு, அதில் செவ்வந்தி, கார்னேசன், அந்தூரியம் ஆகியவற்றைச் செருகலாம். தண்டின் ஈரமே ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். ரோசாவுக்கு, அகன்ற வாய்ச் சாடிக்குள் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைச் சுருட்டி வைத்து நீர் ஊற்றுங்கள். அந்த வலையைக் கழுவிக் காயவைத்தால் பல ஆண்டுகள் வரும். வாழைத்தண்டின் கறை துணியில் பட்டால் போகாது என்பதால், மேசைவிரிப்பு மண்டபத்தாருடையதாக இருந்தால் தட்டின் அடியில் இலை விரிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: பூக்களை முதல் நாள் இரவு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: ரோசாவையும் கார்னேசனையும் வைக்கலாம், ஆனால் பெட்டிக்குள் பழங்கள் இருக்கக்கூடாது. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் வெளியிடும் எதிலீன் வாயு பூவை விரைவில் முதிரச் செய்யும், கார்னேசன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். அந்தூரியத்தையும் ஓர்கிட்டையும் ஒருபோதும் வைக்காதீர்கள். வெப்பநாட்டுப் பூக்களான அவை 10 பாகைக்குக் கீழே கருகிவிடும். அவற்றை மின்விசிறிக் காற்றுப் படாத, வெயில் விழாத அறையில் ஈரத்துணியால் மூடி வைத்தாலே போதும்.

கேள்வி: என் தங்கையின் கூறைச்சேலையில் லில்லிப் பூவின் மஞ்சள்தூள் கொட்டிவிட்டது. மணவறையில் லில்லி வைத்தது நான்தான். சேலை பட்டு. என்ன செய்வது?

பதில்: நீர் தொடவே கூடாது, கையால் துடைக்கவும் கூடாது, தேய்த்தால் மகரந்தம் இழைக்குள் இறங்கிவிடும். சேலையை உதறிவிட்டு, ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தைக் கறையின்மேல் மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதிய துண்டாக இருக்கட்டும். எஞ்சும் சாயலுக்கு, இது லில்லி மகரந்தம் என்று சொல்லி, பட்டுச்சேலை உலர்சலவை செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கறை இருந்த இடத்தையும் சேலையின் பெறுமதியையும் அவருடைய பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை, லில்லி மொட்டு விரியும் நாளிலேயே, தூள் உதிரத் தொடங்குமுன், நடுவிலுள்ள ஆறு மகரந்தப் பைகளையும் விரல்நுனியால் கிள்ளி எடுத்துவிடுங்கள்.