கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார் கடை உரிமையாளர்

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு மருந்துக்கடையில் ஐந்து ஆண்டுகளாகப் பதிவுபெற்ற மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். நான் மதிய உணவுக்குச் சென்றிருந்தபோது, முடக்குவாத நோயாளி ஒருவருக்கு வாரம் ஒருமுறை என்று மருத்துவர் எழுதியிருந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினம் ஒன்று என்று சொல்லி உதவியாளர் கொடுத்துவிட்டார். பத்தே நாளில் வாய்ப்புண் முற்றி அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். மருந்தை நானே கொடுத்ததாக எழுதிக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்கிறார் உரிமையாளர். நான் என்ன செய்வது?

பதில்: கையெழுத்திடாதீர்கள். ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை மாத்திரை உட்கொள்ளப்பட்டது என்பது சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குத் தெரியுமா என்று இன்றே உறுதிசெய்யுங்கள். இம்மருந்து அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதும், முறிமருந்து கொடுக்க ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதும் நீங்கள் அறிந்ததே.

மருத்துவர் சீட்டின்படி மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநராலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 65ஆம் விதி கூறுகிறது. பதிவு பெறாதவர் மருந்து வழங்குவதை 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. மருந்தாளுநர் இல்லாமல் மருந்தகம் நடத்துவது மக்களின் உடல்நலத்தைப் பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் கண்டித்தது. நீங்கள் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து விற்கப்பட்டதற்கு உரிமம் பெற்றவரே முதலில் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கத்தில் உள்ள பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் வெளியே செல்லும்போதெல்லாம் உதவியாளர் சீட்டு மருந்து கொடுப்பது வழக்கம் என்று தெரிந்தும் எழுத்தில் ஒருமுறைகூட ஆட்சேபிக்காமல் இருந்திருந்தால், மருந்தியல் கவுன்சில் உங்களிடமும் விளக்கம் கேட்கலாம். ஆனால் மேற்பார்வைக் குறைவுக்கு விளக்கம் சொல்வது வேறு, பொய் வாக்குமூலம் தருவது வேறு. நோயாளியின் குடும்பத்தார் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் (கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவித்தல்) புகார் கொடுத்தால், அந்தக் கையெழுத்தே உங்களைக் குற்றஞ்சாட்டப்பட்டவராக நிறுத்திவிடும்.

ஆகவே அன்று வெளியே சென்ற நேரம், திரும்பிய நேரம், பில் எண், உங்களிடம் கேட்கப்பட்ட கையெழுத்து ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி, விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் உரிமையாளருக்கு அனுப்புங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்கக் கூடாது என்றும் அதிலேயே கோருங்கள். கடிதத்தின் நகலை உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். மருந்துகளின் பாதக விளைவுகளைப் பதிவுசெய்யும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் (1800-180-3024) தெரிவிக்கலாம். அறிக்கை அளிப்பது தவற்றை ஒப்புக்கொண்டதாகாது என்று அதன் படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது.

வேலையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. எனினும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இன்றி நீக்க முடியாது என்று 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை அதே சட்டம் தந்த உரிமை என்பதால், உணவுக்குச் சென்றதைக் குற்றமாகக் காட்ட இடமில்லை. நீங்களே விலக முடிவு செய்தால், சுவரில் மாட்டியுள்ள உங்கள் சான்றிதழைத் திரும்பப் பெற்று, உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.