இந்தியா – ஜப்பான்: நடுவே நின்று வேலை செய்பவர்களின் கேள்விகள்

சென்னையில் ஜப்பானிய நிறுவனங்களுக்கும் நம் தொழில்முனைவோருக்கும் இடையே ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கலைக்குழுக்களின் பயண வேலைகளையும் பார்க்கிறேன். எனக்கு வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வியாபாரம் தனி, கலை தனி என்று அவற்றைப் பிரிக்கவில்லை. நடைமுறையில் இரண்டுக்கும் ஓடுவது பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

கோவையிலிருந்து, பம்பு உதிரிபாகம் செய்பவர்: மேடம், டோக்கியோ நிறுவனம் ஒன்றோடு பல கூட்டம் முடிந்துவிட்டது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விலையைக் குறைத்துப் பார்க்கட்டுமா?

விலையைத் தொடாதீர்கள். அங்கே பல நிறுவனங்களில் ஒரு முன்மொழிவு 'ரிங்கி' என்ற காகிதமாகப் பல துறைகளைச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் முத்திரை வைத்த பிறகுதான் முடிவு. அதற்கும் முன்னால் 'நேமவாஷி' நடக்கும். அதாவது, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து ஒப்புதல் வாங்கி வைப்பது. ஆகவே கூட்டத்தில் முடிவு எடுக்கப்படுவது குறைவு, ஏற்கெனவே எடுத்த முடிவு உறுதியாவதே அதிகம். இந்த நேரத்தில் நீங்கள் திடீரென்று விலையைக் குறைத்தால், உங்களுக்காக உள்ளே பேசிக்கொண்டிருப்பவர்தான் மாட்டிக்கொள்வார். முதல் விலை ஏன் அதிகமாக இருந்தது என்று அவரைத்தான் கேட்பார்கள்.

அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பரிசோதனை அறிக்கை, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, குறைபாடுள்ள பாகம் போய்விட்டால் அதை எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துவீர்கள் என்ற விவரம், இவை மூன்றும் பெரும்பாலும் உதவும். அவர்கள் கேட்டதற்கு அன்றே பதில் தெரியாவிட்டாலும் 'வியாழக்கிழமை சொல்கிறேன்' என்று அன்றே எழுதிவிடுங்கள், சொன்னபடி வியாழக்கிழமை சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே தெரிவியுங்கள். நம் பக்கத்து நல்ல நிறுவனங்கள் தரத்தில் தோற்று நான் பார்த்தது குறைவு. இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து: பல வருடம் பழகிய ஜப்பானிய மேலாளர் ஏப்ரலில் ஊர் திரும்புகிறார். புதியவர் எங்களைத் தெரியாதவர். எல்லாம் முதலிலிருந்தா?

இரு நாடுகளின் உறவில் அடிக்கடி அறுந்துபோகும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடம் இருப்பார்கள். அங்கேயும் நிதியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது, இடமாற்றங்களும் அதையொட்டி வரும். போகிறவர் வருகிறவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் நாட்கள் மிகக் குறைவு. வாய்மொழியாகப் பேசி வைத்ததெல்லாம் அதில் காணாமல் போகும்.

நீங்களே இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, யார் என்ன ஒப்புக்கொண்டார்கள், எது பாக்கி, எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள். போகிறவரிடம் காட்டித் திருத்தம் வாங்கி, மூவரும் உட்காரும் ஒரு சந்திப்பைக் கேளுங்கள். அப்புறம், திரும்பிப் போனவரை மறந்துவிடாதீர்கள். அவர் இப்போது தலைமையகத்தில் இருக்கிறார், உங்கள் தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்தவர் என்று அங்கே சொல்ல அவர் ஒருவர்தான் இருப்பார். புத்தாண்டுக்கு நாலு வரி எழுதினால் போதும். இங்கேயே நிரந்தரமாக இருக்கும் நம் ஊர் ஊழியர்களை மதித்து நடத்துவதும் அதே அளவு முக்கியம். மேலாளர்கள் மாறும்போதெல்லாம் பழைய கதையை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

தஞ்சாவூரிலிருந்து, பரதநாட்டிய ஆசிரியை: அக்கா, மூன்று நகரங்களில் நிகழ்ச்சிக்கு ஒரு ஜப்பானிய அமைப்பு அழைக்கிறது, சிறு சன்மானமும் தருகிறார்கள். சுற்றுலா விசாவில் போகலாமா?

போகக் கூடாது. சன்மானம் சிறியதானாலும் அது ஊதியம்தான், அதற்குக் கலை நிகழ்ச்சிக்கான விசா வேண்டும். அழைப்பவர்கள் அங்கே குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம் என்பதால் தேதி முடிவானதும் அவர்களை நச்சரித்தாலும் தப்பில்லை. வாத்தியங்களுக்கு 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற சுங்க ஆவணம் எடுத்தால் சுங்கவரி இல்லாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். இந்தியாவில் அதை 'ஃபிக்கி' என்ற தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு வழங்குகிறது. பழைய வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் அதை வீட்டிலேயே வையுங்கள், வேறு வீணை எடுத்துப் போங்கள். சர்வதேச வனவிலங்கு வணிகக் கட்டுப்பாட்டில் பறிபோனால் மீட்பது கடினம்.

இன்னொன்று. மேடை நிகழ்ச்சியோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பயிலரங்கம் கேளுங்கள். நீங்கள் ஆடும் பாடலின் பொருளை ஜப்பானிய மொழியில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். மறு வருடம் யார் அழைப்பார்கள் என்றால், பயிலரங்கத்தில் முத்திரை கற்றுக்கொண்டவர்கள்தான்.

போடிநாயக்கனூரிலிருந்து, ஏலக்காய் வியாபாரி: ஐரோப்பாவுக்குத் தேறிய சரக்கு ஜப்பானுக்கும் தேறும்தானே?

அப்படி நினைக்காதீர்கள். ஜப்பானில் 2006 முதல் பூச்சிக்கொல்லி எச்சத்துக்குத் தனி முறை இருக்கிறது. ஒரு மருந்துக்கும் பயிருக்கும் தனி வரம்பு குறிக்கப்படவில்லை என்றால், பொதுவாக 0.01 பி.பி.எம். (ஒரு பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற மிகக் குறைந்த வரம்பு பொருந்தும். தோட்டத்தில் என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்ற பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். வாங்குபவரிடமே சோதனைப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்தியா–ஜப்பான் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் வரிச்சலுகை வேண்டுமென்றால், சரக்கோடு மூலநாட்டுச் சான்றிதழும் போக வேண்டும்.

மதுரையிலிருந்து: நண்பர்கள் சேர்ந்து இந்தியா–ஜப்பான் நட்புச் சங்கம் தொடங்க நினைக்கிறோம். ஜப்பானிய நண்பர் ஒருவர் நன்கொடை தரத் தயார்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். நன்கொடையை மட்டும் இப்போது வாங்காதீர்கள். வெளிநாட்டவர் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும், முழுப் பதிவுக்குப் பொதுவாக மூன்று வருடச் செயல்பாடு காட்ட வேண்டியிருக்கும். நல்ல எண்ணத்தில் வாங்கிய சிறு தொகை சங்கத்தையே முடக்கிவிடும், ஆடிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

சங்கம் என்ன வேலை செய்யலாம் என்றால், ஒரு நல்ல முன்மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற முன்னாள் பயிற்சியாளர் சங்கம், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து உருவாக்கியது. அவர்கள் மொழி வகுப்பு நடத்துகிறார்கள். வருடத்துக்கு ஒரு விழா எடுப்பதைவிட வாரம் ஒரு வகுப்பு எத்தனையோ மடங்கு மேல்.

திருச்சியிலிருந்து: வரவேற்புரையில் தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லலாமா?

வேண்டாம். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு அந்தக் கருத்தை முன்வைத்தார், ஆனால் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பெருமையாகச் சொல்ல நம்மிடம் உறுதியானவையே நிறைய உண்டு. தென்னாட்டிலிருந்து சென்றதாகக் கருதப்படும் பௌத்தத் துறவி போதிசேனர் 736இல் ஜப்பான் சேர்ந்து, 752இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி பெரிய புத்தர் சிலையின் கண்திறப்பை நடத்தினார். 1893இல் ஜாம்ஷெட்ஜி டாடாவின் முயற்சியும் சேர்ந்து பம்பாய்–கோபே கப்பல் தடம் தொடங்கியது, பருத்திக்காக. சோழர் கல்வெட்டுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவை விட்டுவிடாதீர்கள். அவருக்கு 2013இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த வேலையை இரண்டு வரியில் விளக்கினால் வந்திருக்கும் ஜப்பானியர்களுக்கே அது புதுச் செய்தியாக இருக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து, ஒரு தந்தை: மகளுக்கு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை என்று ஏஜெண்ட் லட்சக்கணக்கில் கேட்கிறார்.

ஐயா, கொடுக்காதீர்கள். ஜப்பானின் குறிப்பிட்ட திறன் பணியாளர் திட்டம் 2019இல் வந்தது, இந்தியா 2021 ஜனவரியில் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. திறன் தேர்வும் மொழித் தேர்வும் தேற வேண்டும், பராமரிப்பு வேலைக்கு அதற்கென்றே கூடுதல் மொழித் தேர்வும் உண்டு. பணம் இந்தத் தேர்வுகளை மாற்றாது. ஏஜெண்டின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

சென்னைக் கல்லூரி மாணவர்: ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 முடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஆக என்ன செய்ய வேண்டும்?

தம்பி, நல்ல தொடக்கம். நிறுவனங்கள் பெரும்பாலும் என்2 கேட்கும் (எண் குறையக் குறையத் தேர்வு கடினம்). ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. பேசும் பயிற்சியை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள், வார்ப்படமோ மென்பொருளோ எதுவானாலும் சரி, அதன் சொற்களை முதலில் தமிழில் பொருள் புரிந்து படியுங்கள். வார்ப்படத்தில் 'கேட்' (gate) என்றால் அச்சில் எந்த இடம் என்று தெரியாதவரால் அதை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வரைபடமும் நிகழ்ச்சி நிரலும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் மறுபடி கேளுங்கள்.