வாசகர் கேள்வி – பதில்: ப்ளூ ரிட்ஜ் மலையின் பழைய ரயில் சுரங்கப்பாதை

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ப்ளூ ரிட்ஜ் ரயில் சுரங்கப்பாதையின் நீளம் 1,302 மீட்டர்தான். அதை அமைக்க எட்டு ஆண்டுகள் பிடித்தது ஏன்? கைவிடப்பட்ட பின்னும் அது இடிந்துவிடாமல் நிற்பது எப்படி?

பதில்: இரண்டிற்கும் காரணம் அந்த மலையின் பாறையே. 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலப்பரப்பு பிளந்து விலகியபோது அடுக்கடுக்காக வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு, பின்னாளில் கண்டத்தட்டுகள் மோதி அப்பலாச்சியன் மலைத்தொடர் உருவானபோது அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிப் பச்சைநிறப் பாறையாயிற்று. குளோரைட்டு, எபிடோட்டு ஆகிய கனிமங்களே அந்நிறத்தைத் தருகின்றன.

பொறியாளர் கிளாடியஸ் குரோசே 1850இல் பணியைத் தொடங்கியபோது டைனமைட் கண்டுபிடிக்கப்படவில்லை. உளியும் சம்மட்டியும் கொண்டு கையால் துளையிட்டு, கருமருந்து திணித்து வெடித்தே முன்னேற வேண்டியிருந்தது. நடுவில் செங்குத்துக் குழிகள் இறக்காமல் இரு முனைகளிலிருந்து மட்டுமே குடைந்தார்கள். 1856 டிசம்பரில் இரு பக்கமும் சந்தித்தன என்பதைக் கொண்டு கணக்கிட்டால், இரு முனைகளையும் சேர்த்தே நாளொன்றுக்குச் சராசரியாக அரை மீட்டர் அளவுக்குத்தான் குடைய முடிந்திருக்கிறது. இத்தனை கடினமான பாறையிலும் வெடிப்புகள் உண்டு; அவற்றின் வழியே ஊறிய நீர் வேலையை மேலும் தாமதப்படுத்தியது. பாதை கிழக்கு நோக்கித் தாழ்ந்து செல்வதால், மேற்கிலிருந்து குடைந்தவர்களுக்குத் தண்ணீர் எதிரிலேயே தேங்கியது. அதை இரும்புக் குழாய்கள் வழியே வெளியேற்றினார்கள்.

குரோசேயின் திறமையைப் போற்றுவோர், அந்தப் பாறையை உடைத்த கைகளையும் நினைவுகூர்வதே நியாயம். அயர்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர்களும், உரிமையாளர்களிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்ட அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களும் அங்கே உழைத்தனர்; வெடிவிபத்துகளிலும், 1854இல் பரவிய காலராவிலும் பலர் மாண்டனர்.

1858இல் ரயில் ஓடத் தொடங்கியது. உறுதியான பச்சைப் பாறை பெரும்பகுதியில் தன்னைத் தானே தாங்கிக்கொள்வதால் அங்கு உட்சுவர் எழுப்பவில்லை; பாறை நொறுங்கியிருந்த இடங்களில் மட்டும் செங்கல் வளைவு கட்டப்பட்டது. ஆகவே 1944இல் அது கைவிடப்பட்டதற்குப் பாறையின் பலவீனம் காரணமன்று. பெரிய ரயில்களுக்கு இடம் போதாததால் அருகிலேயே அகலமான புதிய சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. 1950களில் புரொப்பேன் வாயுவைச் சேமிக்க எண்ணி உள்ளே எழுப்பிய கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் அகற்றப்பட்டு, 2020 முதல் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் பாதை திறந்துவிடப்பட்டுள்ளது. கையால் இட்ட துளைகளின் தடங்களை இன்றும் அதன் சுவர்களில் காணலாம்.