கவுன்சலிங்ல மொபைல் ஆப்: நீங்க அனுப்பின கேள்விகளுக்கு பதில்

பேஷண்ட்டுக்கு மனநல ஆப் கொடுக்கறது பத்தி போன மாசம் நான் நடத்தின டிரெய்னிங் முடிஞ்சதுலேர்ந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு, சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், நர்ஸ்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததை சேர்த்து இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: பேஷண்ட்கிட்ட ஆப் பேர் சொல்லி அனுப்புறேன் மேடம், அடுத்த தடவை கேட்டா "போட்டேன், ஆனா திறந்தே பாக்கல"ங்கிறாங்க. என்ன பண்றது?

பேரை மட்டும் சீட்டுல எழுதிக் கொடுத்தா இதான் நடக்கும். உங்க ரூம்லயே, அவங்க போன்லயே, அவங்களையே திறக்க வைங்க, அதுக்குன்னு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. நான் கூட உக்காந்து பாத்த வரைக்கும் முதல் தடங்கலே போன்ல இடம் இல்லைங்கிறதுதான், குட்மார்னிங் படமும் கல்யாண வீடியோவும் ரொம்பிக் கிடக்கும், அதை சேர்ந்து அழிச்சு, ஜிமெயில் பாஸ்வேர்ட் பையனுக்குத்தான் தெரியும்னா பையனுக்கு போன் போட்டு கேட்டு, அப்புறம்தான் இன்ஸ்டால் ஆகும். ஆனதும் ஒரு மூச்சுப் பயிற்சிய ரெண்டு பேருமா செஞ்சு பாருங்க. தினமும் எப்போ செய்வீங்கன்னு கேளுங்க, "ராத்திரி பாத்திரம் கழுவினதும்"னு சொன்னா அதே வார்த்தையை கேஸ் நோட்ல எழுதிக்கோங்க, அடுத்த செஷன்ல முதல்ல அதைத்தான் கேக்கணும். நீங்களே கேக்க மறந்துட்டா, இது அவ்வளவு முக்கியம் இல்ல போலன்னு விட்டுடுவாங்க.

கேள்வி: ஸ்டோர்ல எக்கச்சக்கமா ஆப் இருக்கு, ஸ்டார் பாத்து எடுக்கலாமா?

ஸ்டாரை நம்பாதீங்க. அமெரிக்கன் சைக்கியாட்ரிக் அசோசியேஷன்னு அங்க இருக்கற மனநல டாக்டர்கள் சங்கம், ஆப்பை சோதிச்சுப் பாக்க ஒரு வரிசை வெச்சிருக்காங்க, நான் அதைத்தான் சொல்லிக் கொடுக்கறேன். யார் செஞ்சது, பணம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல, அப்புறம் பிரைவசி, அப்புறம் ஆதாரம், அப்புறம் யூஸ் பண்ண சுலபமா இருக்கான்னு, கடைசியா அதுல வர்ற விவரம் சிகிச்சைக்கு உதவுதான்னு. பிரைவசில தேறலன்னா அதுக்கு மேல பாக்கவே வேண்டாம். 2023ல பெட்டர்ஹெல்ப்ங்கற ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனி மேல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது ஞாபகம் இருக்கும், மனநல விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்கெல்லாம் கொடுத்ததா குற்றச்சாட்டு, 78 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. பேஷண்ட் அந்த பாலிசிய படிக்க மாட்டாங்க, நீங்க சொன்னீங்கன்னுதான் போடுவாங்க, அதனால படிக்க வேண்டியது நீங்கதான்.

கேள்வி: வீட்டுக்கே ஒரு போன்தான், அவங்களுக்கு ஆப் கொடுக்கலாமா?

இதை கேட்டவங்களுக்கு ரொம்ப நன்றி, ஏன்னா இதுல நானே தப்பு பண்ணியிருக்கேன். ஆரம்பத்துல ஒரு பொண்ணுக்கு மூட் டைரி போட்டுக் கொடுத்தேன், ராத்திரி எட்டு மணிக்கு "இன்னிக்கு மனசு எப்படி இருக்கு"ன்னு ஸ்கிரீன்ல நோட்டிஃபிகேஷன் வந்திருக்கு, அப்போ போன் மாமியார் கையில. உள்ள போய் எல்லாத்தையும் படிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என்கிட்ட வரல. அன்னிலேர்ந்து என் டிரெய்னிங்ல ஆப் பேரு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கட்டாயம்: "இந்த போனை வேற யாரெல்லாம் எடுப்பாங்க?" பதில் சொல்றப்போ அவங்க முகத்தை பாருங்க. நோட்டிஃபிகேஷன் ஆஃப் பண்ணலாம், ஆப் லாக் போடலாம், ஆனா லாக் போட்டதுக்கே சண்டை வர்ற வீடும் இருக்கு, அடி உதை இருக்கற வீடுன்னா மூட் டைரியே வேண்டாம். அங்க செஷன்ல உக்காந்து பேசி எழுதுறது போதும், அந்தப் பேப்பர் உங்க ஃபைல்லயே இருக்கட்டும்.

கேள்வி: நல்ல ஆப் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?

உண்மைதான், வருத்தமாவும் இருக்கு. அமெரிக்காவுல முன்னாள் ராணுவ வீரர்களுக்கான துறை 2011லயே பிடிஎஸ்டி கோச்னு ஒரு ஆப் கொண்டுவந்தாங்க (பிடிஎஸ்டின்னா பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநல பாதிப்பு), இலவசம், அதுல சொந்தக்காரங்க நம்பரு, புடிச்ச போட்டோ, பாட்டுன்னு அவங்கவங்களே சேர்த்துக்கலாம். அதே யோசனையை தமிழ்ல போனை வெச்சே செய்யலாம். மூச்சுப் பயிற்சிய உங்க குரல்ல, அவங்க போன் ரெக்கார்டர்ல பதிவு பண்ணிக் கொடுங்க, "மெதுவா இழுங்க... இப்போ விடுங்க"ன்னு, மூணு நிமிஷம் போதும். கேலரில ஒரு தனி ஃபோல்டர் போட்டு மனசுக்கு தெம்பு தர்ற பத்து போட்டோ. இதுக்கு நெட் கூட வேண்டாம்.

கேள்வி: பிஎச்க்யூ-9, அதான் மனச்சோர்வை அளக்கற ஒன்பது கேள்விப் படிவம், அதை போன்லயே வாங்கறோம். ஒன்பதாவது கேள்விக்கு ராத்திரி பதினோரு மணிக்கு "தினமும்"னு போட்டா?

அது சாகற எண்ணம், தன்னை காயப்படுத்திக்கற எண்ணம் பத்தின கேள்வி. நீங்க காலைலதான் பாப்பீங்கன்னா, "நான் ராத்திரி பாக்க மாட்டேன், ரொம்ப கஷ்டமா இருந்தா உடனே 14416க்கு கூப்பிடுங்க"ன்னு முதல் நாளே வாயால சொல்லணும், அவங்க போன்ல அந்த நம்பரை சேவ் பண்ணிக் கொடுக்கணும். டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் நம்பர் அது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். காலைல யார் எத்தனை மணிக்கு பாக்கணும், அவங்க லீவுன்னா யாருன்னு சென்டர்ல பேர் போட்டு எழுதி ஒட்டுங்க. இது முடிவாகாம லிங்க் அனுப்பவே கூடாது. பதில் போட்டா யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு பேஷண்ட் நினைக்கறாங்க, அந்த நினைப்போட ராத்திரி பூரா காத்திருப்பாங்க.

கேள்வி: எனக்கு 56 வயசு, நர்ஸ். வாட்ஸ்அப் தவிர எதுவும் தெரியாது, என்னால முடியுமா?

கண்டிப்பா முடியும்மா. ஒரே ஒரு ஆப் எடுத்துக்கோங்க, தூக்க டைரி ஏதாவது, உங்க தூக்கத்தையே ரெண்டு வாரம் எழுதுங்க. எத்தனை மணிக்கு படுத்தேன், எப்போ தூக்கம் வந்துச்சு, நடுவுல எத்தனை தடவை முழிச்சேன். நாலாவது நாள் அலுப்பா இருக்கும், ஆறாவது நாள் மறந்துடும், விட்டதை மறுநாள் குத்துமதிப்பா போடலாமான்னு தோணும். அதையெல்லாம் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க, அடுத்த பேட்ச் டிரெய்னிங்குக்கு எடுத்துட்டு வாங்க, உங்க நோட்டுலேர்ந்துதான் அன்னிக்கு ஆரம்பிக்கப் போறோம்.