ஒரு வருஷத் தலைவர்கள்

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அப்பாவுக்குப் பிறகு தேங்காய்க் களத்தையும் எண்ணெய் மில்லையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் தாய்மாமா எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தின் முன்னாள் தலைவர். "சும்மா கெஸ்ட்டா வந்து பாரு மாப்ளே, புடிச்சா சேரு" என்று சில வாரமாக என்னையும் கூட்டிப்போகிறார்.

போய்ப் பார்த்தேன். மணி அடிக்கிறார்கள். கோட் போட்ட ஒருவர் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து உட்காரவைக்கிறார். பிறந்த நாள்காரர்களுக்குக் கைதட்டுகிறார்கள். மியூச்சுவல் ஃபண்ட் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். அப்புறம் சாப்பாடு. சேவை பற்றிய பேச்சு பத்து நிமிடம் இருந்தால் அதிகம். பஸ் ஸ்டாண்டில் சங்கம் போட்ட பெஞ்சில் முதுகு சாய்கிற இடம் முழுக்கப் பெயர்கள். என் மனைவி, "அந்தச் சந்தாவுக்கு ஒரு புள்ளைக்கு ஃபீஸ் கட்டிரலாமே" என்கிறாள். எனக்கும் அதே சந்தேகம்தான். சேவை செய்ய வாராவாரம் எதற்குக் கூட வேண்டும்? நேராகச் செய்துவிட்டுப் போகலாமே? நீங்கள் இந்த மாதிரி சங்கங்களுக்குப் பேசப் போகிறவர். சேரலாமா, வேண்டாமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பெயர் வெளியிட வேண்டாம் அண்ணா. மாமா உங்கள் தளத்தைப் படிக்கிறவர்.

* * *

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் காங்கேயம், தேங்காய்க் களம், முன்னாள் தலைவரான தாய்மாமா என்று இத்தனையும் எழுதிய பிறகு பெயர் எதற்கு? மாமாவிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

நீங்கள் பார்த்த எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டச் சிறுநகரங்களில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் பேசப் போகிறேன். ஏழரைக்கு என்று நோட்டீஸ் இருக்கும், எட்டேகாலுக்கு மணி அடிக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் நான்கு கேள்விகளை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்: இது உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மை தருமா. 1932இல் அமெரிக்காவில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த ஒரு பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதி வைத்துக்கொண்டது. கொப்பரையின் ஈரத்தைச் சொல்லி விலை பேசுகிற தொழிலில் இருக்கும் உங்களுக்கு முதல் கேள்வியே சுருக்கென்றிருக்கும். அப்புறம் என்னை அறிமுகம் செய்வார்கள். நான் எழுதாத புத்தகம் ஒன்றாவது அதில் வரும். பேசி முடித்ததும் ஒரு பவானி ஜமக்காளமோ சென்னிமலைப் போர்வையோ கைக்கு வரும். எங்கள் வீட்டில் ஜமக்காளத்துக்குப் பஞ்சமே இல்லை.

'சேவை பத்து நிமிடம்தான்' என்கிறீர்கள். ஆரம்பமே அப்படித்தான் தம்பி. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் கடைக்காரர் ஆகிய மூவரோடு உட்கார்ந்தபோது சேவை என்ற பேச்சே கிடையாது. பெரிய நகரத்தில் நாலு தொழில்காரர்கள் சிநேகமாக இருக்கலாம், ஒருவருக்கொருவர் வியாபாரமும் கொடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் நோக்கம். ஒவ்வொரு முறையும் ஒருவருடைய ஆபீசில் மாறி மாறிக் கூடியதால், சுழல்வது என்ற பொருளில் ரோட்டரி என்று பெயர். இப்படிக் கூடிக்கொண்டே இருந்தவர்களுக்குச் சில வருடம் கழித்துத்தான் ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது. அவர்கள் எடுத்த முதல் பொதுக் காரியம் சிகாகோவில் ஒரு பொதுக் கழிப்பிடம். கூட்டம் முதலில், சேவை பிறகு. கல்கத்தாவுக்கு 1920இலும் மதராஸுக்கு 1929இலும் வந்து, அங்கிருந்து நம் ஊர்களுக்கு இறங்கியபோதும் இந்த வரிசை மாறவில்லை.

எனவே வாராவாரம் கூடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு இதில் கெடுபிடி அதிகம். ஒரு வாரம் தவறினால் முன்னும் பின்னும் 14 நாட்களுக்குள் வேறு ஏதாவது ஒரு ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து வருகையைச் சரிசெய்ய வேண்டும். 'மேக்கப்' என்பார்கள். உங்கள் மாமா வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சரக்கு விஷயமாகப் போன வெளியூரில் பாஷை புரியாத கூட்டத்தில் உட்கார்ந்து மேக்கப் வாங்கி வந்த கதை சொல்வார்கள். 2016இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று சங்கங்களுக்கு விட்டுவிட்டார்கள். பல சங்கங்கள் அதற்கு மாறிவிட்டன. எனக்கு இதில் வருத்தம்தான்.

காரணம் இதுதான். நம் பக்கத்தில் ஆட்கள் சந்தித்துக்கொள்ள இடமா இல்லை? கல்யாணம், சீர், ஏலச்சீட்டு, கோயில் கூட்டம், கட்சிக் கூட்டம் என்று வாரம் நாலு வருகிறது. ஆனால் எல்லாவற்றிலும் உறவோ கணக்கோ இருக்கிறது. மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் மின்வாரிய உதவிப் பொறியாளரும் ஹெட்மாஸ்டரும் விசைத்தறிக்காரரும் மனு எதுவும் கையில் இல்லாமல் ஒரே மேசையில் ரசம் சாதம் சாப்பிடுகிற இடம் சிறிய ஊரில் வேறு எது? அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான், "ஏனுங் டாக்டரய்யா, பிரசவ வார்டுல ஜெனரேட்டர் ஓடுதுங்களா?" என்று ஒருவர் கேட்பார். நீங்கள் பத்து நிமிடம் என்று கணக்கிட்ட சேவையில் பாதி, மேடையில் நடக்காமல் பந்தியில் நடக்கிறது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜூலை 1இல் புதுத் தலைவர் பதவிக்குரிய காலரைக் கழுத்தில் மாட்டுகிறார், அடுத்த ஜூன் 30இல் கழற்றுகிறார். கையில் 12 மாதம். முதல் மாதம் பதவியேற்பு விழாவில் போய்விடும். பல சங்கங்களுக்கு மேலே இருக்கும் ரோட்டரி மாவட்ட கவர்னரின் வருகைக்கு ஒரு மாதம் தயாரிக்க வேண்டும். மிச்ச நாளில் தன் பெயர் சொல்ல ஒரு புராஜெக்ட் வேண்டும். போன வருடத்தவர் வைத்த குடிநீர் மெஷினுக்கு மெம்பரேன் என்ற வடிகட்டியை மாற்றினால் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், புதிதாக ஒன்று வைத்தால் எடுப்பார்கள். உங்கள் ஊர் பெஞ்சில் முதுகு சாயும் இடம் முழுக்கப் பெயர் இருப்பதற்கு இதுதான் காரணம். தற்பெருமை மட்டும் என்று சொல்லிவிட முடியாது, அவருக்கு நேரமும் இல்லை.

சிகாகோவில் தொடங்கிய அதே கழிப்பிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் சங்கங்கள் கட்டிக்கொடுத்த கழிப்பறைகள் எத்தனையோ. நான் பேசப் போகிற ஊர்களில் முடிந்தால் அதைப் போய்ப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. டைல்ஸ், கல்வெட்டு, இரும்புக் கதவு எல்லாம் இருக்கும். சில இடங்களில் பூட்டும் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் இல்லை, கழுவ ஆள் இல்லை, பிள்ளைகள் நாசம் செய்துவிடுவார்கள் என்று சாவி ஹெட்மாஸ்டர் மேசையில். கட்டியவர் இப்போது முன்னாள் தலைவர், இந்நாள் தலைவருக்கு அது தன் புராஜெக்ட் இல்லை.

டயாலிசிஸ் மெஷினில் இது இன்னும் கடுமை. குறைந்தது 30,000 டாலர் திட்டம், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளி, மேலே ரோட்டரி அறக்கட்டளையின் பங்கு, இந்த வழியில் சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்குக்கூட மெஷின் வந்துவிடுகிறது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு முறை செய்ய 4 மணி நேரமும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரும் வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை அவர் வந்தாக வேண்டும். டெக்னீஷியன் வேலையை விட்டுப் போனால் மெஷினை மூடிவைக்க வேண்டியதுதான். வாரம் தவறாமல் பார்க்க வேண்டிய வேலை இது. வாராவாரம் கூடுகிற சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பு கிடையாது. இருந்தும் திறப்பு விழாவோடு கைகழுவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த ஒரு வருஷக் கணக்கையே ஒழித்துவிடலாமா? கூடாது. நம் ஊர்ச் சங்கங்கள், டிரஸ்டுகளில் தலைவராக வந்தவர் இருபது வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அப்புறம் அவர் மகன். ரோட்டரியில் போன ஜூனில் காலர் போட்டிருந்த டாக்டர் இந்த ஜூலையில் கீழே உட்கார்ந்து டயர் கடைக்காரர் பேசுவதைக் கேட்கிறார். தாய்மாமா தலைவராக இருந்துவிட்டு இப்போதும் வாராவாரம் போகிறார் என்பதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். பதவி போன பிறகும் அதே கூட்டத்துக்கு வந்து சாதாரண உறுப்பினராக உட்காருகிறவர்கள் இந்த ஊர்களில் எத்தனை பேர்?

ஆக, தலைவர் மாறட்டும், வேலை மாறாமல் இருக்க வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. போலியோவில் நடந்தது. 1985இல் ரோட்டரி அதைக் கையில் எடுத்தது. இந்தியாவில் 1995இல் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. சொட்டு மருந்து அரசாங்கத்துடையது, போட்டது சுகாதாரத் துறையினரும் அங்கன்வாடி ஊழியர்களும். சங்கத்துக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டார்கள், ஊழியர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் வண்டியும் கொடுத்தார்கள், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்திருந்த குடும்பங்களைத் தேடிப் போனார்கள். சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்ட பிள்ளைகளில் நீங்களும் ஒருவராக இருந்திருப்பீர்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி போலியோ 2011 ஜனவரி 13இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கே சான்றிதழ் கொடுத்தது. 1985க்கும் 2014க்கும் நடுவில் ஒவ்வொரு சங்கத்திலும் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! ஒருவர்கூட 'இது போன தலைவரின் புராஜெக்ட்' என்று விட முடியவில்லை. மேலிருந்து பிடித்த பிடி அப்படி.

கண் சிகிச்சை முகாமும் இந்த ரகம்தான். அதில் பெயர் வாங்கியவர்கள் லயன்ஸ் சங்கத்தார். 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டில் நின்று பார்வையற்றவர்களுக்காகக் கேட்டதிலிருந்து அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் மாதாமாதம் குறிப்பிட்ட ஒரு ஞாயிறு, ஒரு பள்ளிக்கூடம் என்று பல ஊர்களில் ஓடுகிறது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, காலை டிபன், பெஞ்ச் தூக்கிப்போடுவது சங்கத்தின் வேலை. பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், லென்ஸ் வைத்து, இரண்டு மூன்று நாளில் கொண்டுவந்து விடுவார்கள். ஆத்தாளை அனுப்பப் பயப்படுகிற மகனிடம், "நானே கூட வர்றனுங், நீங்க பயப்படாதீங்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் முன்னாள் தலைவர்தான்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்பது ரோட்டரியின் பழைய விதி. எல்லா வகை ஆட்களும் கலக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. நம் ஊர்களில் சில சங்கங்களின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஒரே வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போல இருக்கிறது. எல்லோரும் மாமன் மச்சான். அப்படியென்றால் நான் மேலே சொன்ன பந்தியின் பயன் போய்விட்டது. அடுத்தது பெண்கள். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி, 1989இல் விதியை மாற்றியபின்தான் உள்ளே விட்டார்கள். சிறிய ஊர்களில் இன்னமும் உறுப்பினரின் மனைவிக்கு 'ஆன்' என்று பெயர் வைத்துக் கோலப் போட்டி நடத்துகிறார்கள். சந்தாவைப் பற்றிச் சரியான கேள்வி கேட்ட உங்கள் மனைவிதான் அந்தக் கூட்டத்துக்கு முதலில் தேவைப்படுகிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜூலையில் சேராதீர்கள், அப்போது எல்லாச் சங்கமும் அழகாகத்தான் இருக்கும். தை, மாசி முகூர்த்த நாட்களில், மார்ச் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் ஒரு கூட்டத்துக்குப் போங்கள். பாதி நாற்காலி காலியாக இருக்கும். வந்திருக்கிறவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேலை செய்யப்போவது அவர்களோடுதான். கடந்த மூன்று வருடத்தில் செய்த புராஜெக்டுகள் எங்கே இருக்கின்றன என்று செயலாளரைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூன்றில் ஒன்று ஓடினால்கூடச் சேரலாம் என்பேன். சேர்ந்தால், புதிதாக எதுவும் செய்யாமல் பழையதைப் பராமரிக்க மட்டும் ஒரு கமிட்டி கேளுங்கள். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், உடனே கொடுத்துவிடுவார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை வீட்டில் சொன்னது நியாயம். சந்தாவில் ஒரு பங்கு ஜூலையிலும் ஜனவரியிலும் டாலர் கணக்கில் மேலே சர்வதேச ரோட்டரிக்குப் போகிறது, இன்னொரு பங்கு சாப்பாட்டுக்கு. இரண்டையும் சேவைக் கணக்கில் எழுதாதீர்கள், அது உங்கள் சொந்தச் செலவு. அந்தப் பிள்ளைக்கான ஃபீஸைத் தனியாகக் கட்டிவிடுங்கள். மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.