சேர்வராயன் மலையில் காடு குறைவதற்கு லஞ்சம் மட்டும்தான் காரணமா?

லஞ்சம் ஒரு பெரிய காரணம்தான், ஆனால் அது மட்டுமில்லை. வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்க அனுமதிச் சீட்டு வேண்டும். லஞ்சம் கொடுத்து ஒரே சீட்டில் இரண்டு லோடு இறங்கினால், பட்டா நில மரத்தோடு காட்டு மரமும் போய்விடும்.

சட்டமே தடுக்கி விழுந்த இடமும் உண்டு. 2002 வரை, சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரமும் தமிழ்நாட்டில் அரசுக்கே சொந்தம். அப்படியிருந்தால் யாருக்கு வளர்க்க மனசு வரும்?

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மண். இந்த மலைமேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காபி வந்து 200 வருடம் ஆகிறது. பலவகை நிழல் மரங்கள் நிற்கும் பழைய தோட்டத்தில் சருகைக் கையால் விலக்கினால், அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று இருக்கும். மரங்களை வெட்டிய சரிவிலோ மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கும், வேர் வெளியே தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். சரிவை வெட்டிப் போட்ட சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்புறம் உண்ணிச்செடி, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய லண்டானா. அது புதராக மண்டினால் நாட்டு மரக்கன்று எழும்பாது. கோடையில் தீ வேகமாகப் பரவும். எந்தப் புதரை முதலில் அகற்றலாம் என்பது அங்கேயே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்குத் தெரியும். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரம் தருகிறது. அவர்களைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.